ஓணானுக்காகக் கரப்பான் வளர்ப்பது: சில வருட அனுபவம்

நண்பர் ஒருவர் மகளின் பிறந்தநாளுக்கு பியர்டட் டிராகன் என்கிற ஓணான் வாங்கித் தரப் போகிறாராம். தொட்டி, வெயில் காயும் விளக்கு, புற ஊதா ஒளி தரும் யூவிபி குழாய் எல்லாம் விசாரித்துவிட்டார். ஆஸ்திரேலியாவில் எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பூச்சியைக் கடையில வாங்கிடலாமா, இல்ல உங்களை மாதிரி வீட்டிலேயே வளர்க்கலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், முடிகிற வழியாக இல்லை. அதனால் இப்படி விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு ஓணானின் பெயர் பிஸ்கட். பெயர் வைத்தது பையன், நான் இல்லை. குட்டியாக வந்தபோது சுவர்க்கோழிதான் போட்டோம். செல்லப்பிராணிக் கடைகளில் ஏழெட்டு டாலருக்கு ஒரு டப்பா, கிரிக்கெட் என்று கேட்டால் தருவார்கள். குட்டி ஓணானுக்குத் தினமும், அதுவும் இரண்டு மூன்று வேளை பூச்சி வேண்டும். கணக்குப் போட்டால் எங்கள் வீட்டில் அதிகம் செலவழித்துச் சாப்பிட்டவன் அவன்தான். காசு கூடப் பரவாயில்லை. சுவர்க்கோழி சாகும். டப்பாவில் கொஞ்சம் ஈரம் தங்கினால் போதும், மறுநாள் பாதி செத்துக் கிடக்கும், மிச்சப் பாதி செத்ததைத் தின்றுகொண்டிருக்கும், மூடியைத் திறந்தால் மூக்கு எரியும். தப்பித்த ஒரு ஆண் பூச்சி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் இரவெல்லாம் கத்தும். ஃப்ரிட்ஜை நகர்த்தினால் கத்தலை நிறுத்தும், தள்ளி வைத்துவிட்டு வந்து படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். ஓணான் சாப்பிட்டு மிச்சம் விட்டதைத் தொட்டியிலேயே இரவில் விட்டால் தூங்குகிற ஓணானையே கடிக்கும். எதிரிக்குக்கூட நான் சுவர்க்கோழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்புறம்தான் கரப்பானுக்கு மாறினோம். அமெரிக்காவில் வளர்ப்பவர்கள் டூபியா கரப்பானைப் பற்றியே பேசுவார்கள், அதை ஆஸ்திரேலியாவில் வைத்திருக்க அனுமதி இல்லை. இங்கே அந்த இடத்தில் இருப்பது உட்டி (woodie) என்கிற கரப்பான். சாம்பல் நிறம், முதுகில் புள்ளி புள்ளியாக, வளர்ந்தால் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். அறிவியல் பெயர் நௌஃபீட்டா சினெரியா. சமையலறையில் இரவில் விளக்கைப் போட்டதும் ஓடுமே, அந்த ஆள் இல்லை.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "கரப்பானுக்குக் காசு குடுத்தீங்களா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். அதோடு கராஜ் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

வளர்ப்பது சுலபம் என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி, நெட்டுக்குத்தாக நிறுத்திய முட்டை அட்டைகள், ஒரு பக்கச் சுவரில் மட்டும் சூடு தரும் ஹீட் மேட், சூட்டைக் கட்டுப்படுத்த அதற்கு ஒரு தெர்மோஸ்டாட். 30 டிகிரியை ஒட்டி வைத்தால் போதும். சாப்பாட்டுக்குக் கேரட் தோல், பூசணித் தோல், கோழித் தீவனம். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது, குட்டிகள் விழுந்து சாகும். காய்கறியில் இருக்கிற ஈரமே போதும். மூடியில் ஓட்டை வெட்டிக் கம்பிவலை ஒட்ட வேண்டும். உட்டி கண்ணாடி மாதிரி வழவழப்பான சுவரிலும் ஏறும், டூபியா ஏறாது. அதனால் பெட்டியின் உள்விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு வாசலின் தடவ வேண்டும். கொஞ்ச நாளில் அதில் தூசி படிந்து காய்ந்துவிடும், வழித்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் உதடு வெடித்தாலும் வாசலின் கிடைக்காது, டப்பா கராஜில் இருக்கும்.

எனக்கு இதில் பிடித்துப்போனது நான் எதிர்பார்க்காத ஒன்று. இந்தக் கரப்பான் முட்டைக்கூட்டை எங்கேயும் ஒட்டிவிட்டுப் போவதில்லை. பெண் பூச்சி கூட்டை வெளியே தள்ளி, திருப்பி, மறுபடி வயிற்றுக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. ஐந்தாறு வாரம் கழித்துக் குட்டியாகவே போடுகிறது, ஒரு ஈட்டுக்கு முப்பது வரைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டையைத் தூக்கினால், நாலைந்து மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை வெளேரென்று குட்டிகள் தாயின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லப் பழுப்பாகின்றன. பையனும் நானும் காபி ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். தோலுரித்த பெரிய பூச்சியும் சிறிது நேரம் அப்படித்தான் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அதைப் பார்த்தால் பிஸ்கட் விடமாட்டான். தலையை ஒரு பக்கம் சாய்ப்பான், ஒரு கண் மட்டும் கீழே உருளும், நாக்கின் நுனி பளபளவென்று வெளியே எட்டிப் பார்க்கும், அப்புறம் ஒரே பாய்ச்சல். சாதாரணப் பூச்சியை மெல்லும் கரக் கரக் சத்தம் இதில் கேட்காது.

சத்து விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. சுவர்க்கோழியோ கரப்பானோ, எதில் பார்த்தாலும் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். கால்சியம் பொடியில் புரட்டாமல் போட்டால், யூவிபி குழாயும் பழசாகிப் போயிருந்தால், ஓணானுக்கு எலும்பு வளையும், தாடை மெத்தென்று ஆகும், கால் நடுங்கும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு, அதில் கால்சியம் தன்னாலேயே நிறைய இருக்கிறது. சூப்பர்வார்ம் என்கிற வண்டுப் புழுவில் கொழுப்பு அதிகம், எப்போதாவது ஒன்று போதும். எந்தப் பூச்சியானாலும் ஓணானின் இரு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வீட்டில் ஓடுகிற கரப்பானைப் பிடித்துப் போடவே கூடாது, எந்த வீட்டில் மருந்து தின்றுவிட்டு வந்ததோ.

மருந்து என்றதும் நினைவு வருகிறது. சிட்னியில் கோடைக்கு முன்னால் பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிடாத வீடு குறைவு. நாங்களும் கூப்பிடுவோம். கரப்பானைக் கொல்ல ஒருவருக்குக் காசு கொடுத்துவிட்டு, "கராஜ் பக்கம் மட்டும் அடிக்காதீங்க, அங்க எங்க கரப்பான் இருக்கு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லதாகவே தெரியும். இனிமேல்தான் என் எரிச்சல். இதை நான் எழுதுவது ஆகஸ்ட் மாதம். பிஸ்கட் தூங்குகிறான். குளிர்காலம் வந்தால் வளர்ந்த பியர்டட் டிராகன்களில் பல சாப்பாட்டைக் குறைத்து, மறைவிடத்துக்குள் போய் வாரக்கணக்கில் முடங்கிவிடும், அது அதன் இயற்கை. கரப்பானுக்கு அப்படி ஒரு இயற்கை கிடையாது. ஹீட் மேட் மேல் அதற்கு வருடம் முழுக்கக் கோடைதான். தின்ன ஆள் இல்லாத பெட்டியில் அது பாட்டுக்குப் பெருகுகிறது. முட்டை அட்டையைத் தூக்கினால் அட்டையின் நிறமே தெரியவில்லை.

சரி, ஹீட் மேட்டை அணைத்துவிடலாமே என்று தோன்றும். அணைத்தால் கராஜ் குளிரில் இனப்பெருக்கம் நிற்கும், குட்டிகளில் நிறைய சாகும். வசந்தத்தில் ஓணான் பசியோடு எழுந்திருக்கும்போது பெட்டியில் கிழடுகள்தான் இருக்கும். புதிய குட்டி பிறந்து வளர்ந்து பெரிசாக, சூடு இருந்தாலே மூன்று மாதம் ஆகும். ஆக, அணைத்தால் செப்டம்பரில் பஞ்சம், அணைக்காவிட்டால் ஜூலையில் வெள்ளம். இதற்கு நடுவழி இருப்பதாகப் பலர் சொல்வார்கள், 24 டிகிரியில் வை, 22-இல் வை என்று. எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று.

மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொடுக்கிறோம். அந்தக் கோழிகளுக்கே அலுத்துவிட்டது. மீதி உறைபெட்டிக்குப் போகிறது. துருவின தேங்காய்ப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிப் பையில் கரப்பான் இருப்பதைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. உறைந்த பூச்சியை ஓணானாவது தின்னுமா என்றால், அசையாததை பிஸ்கட் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. வயது ஏற ஏற ஓணானுக்குத் தழைதான் பிரதான உணவு, பூச்சி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். குட்டி வேளா வேளைக்குக் கேட்கும் காலத்தில் நம் பெட்டி நிரம்பியிருக்காது, பெட்டி நிரம்பும் நேரத்தில் அவன் வளர்ந்து கீரைக்கு மாறியிருப்பான். அடியில் சேரும் எச்சத்தை அள்ளும்போது முகமூடி போடாவிட்டால் எனக்குத் தும்மல் நிற்காது. கரப்பான் தூசி ஒவ்வாமையைக் கிளப்பும், வீசிங் இருக்கும் வீட்டில் இந்தப் பெட்டியே ஆகாது.

அதனால் நண்பருக்கு என் பதில்: வளர்க்காதீர்கள். கடையில் சுவர்க்கோழி டப்பா வாங்குங்கள், தேவைக்கு மட்டும் வாங்குங்கள், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கத்தினால் கத்தட்டும். இல்லை, வளர்த்தே தீருவேன் என்றால் சொல்லுங்கள், இந்தச் சனிக்கிழமையே இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய கொண்டுவந்து தருகிறேன். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம்.