தங்கிய இரவு கணக்கில் இல்லை: ஹோட்டல் பாயிண்ட் திட்டத்தோடு என் அனுபவம்

தங்கத் தங்கப் பாயிண்ட் சேர்த்து, பிறகு அதை இலவச இரவாக மாற்றிக்கொள்ளும் ஹோட்டல் ரிவார்டு திட்டம் எதிலாவது சேரலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். புது வேலை, இனி மாதத்தில் பாதி நாள் வெளியூர் வாசம். பாயிண்ட் எப்படிச் சேரும், இலவச இரவு எப்படி எடுப்பது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பல வருடமாக உறுப்பினராக இருக்கிற எனக்கு அது எப்படி இருந்தது என்பதுதான் அவர் கேள்வி. நாலு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கோபம் இன்னும் ஆறாததால் இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறைய இருக்கிறது. நான் தங்கிவந்த ஹோட்டல் குழுமத்தில் அறைகள் சுத்தம். எந்தக் கிளைக்குப் போனாலும் படுக்கையும் குளியலறையும் ஒரே தரம். லிஃப்டுக்குத் தள்ளி, மேல் மாடியில், அமைதியான அறை வேண்டும் என்று ஆப்பில் எப்போதோ ஒருமுறை குறித்து வைத்தேன். அதற்குப் பிறகு ரிசப்ஷனில் வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. நள்ளிரவு தாண்டிப் போய் இறங்கினாலும் அப்படி ஓர் அறை எனக்காகக் காத்திருந்தது. தூக்கம் கெட்டால் மறுநாள் வேலையே ஓடாத ஆள் நான். எனக்கு இது பெரிய விஷயம், இன்றைக்கும் அந்த நன்றி இருக்கிறது. சேர்த்த பாயிண்டில் ஒருமுறை அப்பா அம்மாவை இரண்டு இரவு தங்க வைத்தேன். பில்லில் அறை வாடகை பூஜ்யம் என்று பார்த்த அப்பா, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதனால்தான் அதற்கப்புறம் வந்த பாயிண்டைத் தொடாமல் சேர்த்தேன். குடும்பத்தோடு ஐந்து இரவு ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது திட்டம். விடுமுறை உறுதியான அன்று ஆப்பைத் திறந்தால் இருப்பு பூஜ்யம். முதலில் ஆப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வெளியேறி மறுபடி உள்ளே போனேன். பிறகு பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்தேன். கடைசி வரியில் மொத்தப் பாயிண்டும் கழித்தல் குறியோடு நின்றது. பக்கத்தில் 'காலாவதி' என்று ஒரே ஒரு சொல்.

அந்த ஆப்பின் அமைப்பைச் சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். முகப்பைத் திறந்ததும் கையளவு பெரிய எழுத்தில் பாயிண்ட் இருப்பு. அதன் கீழே அடுத்த தகுதி நிலைக்கு இன்னும் எத்தனை இரவு என்று காட்டும் பட்டை. இருப்பு எந்தத் தேதியில் செத்துப்போகும் என்று தெரிய வேண்டுமானால் கணக்கு, அதற்குள் விவரம், அதற்குள் பரிவர்த்தனை என்று போய்க் கடைசி வரை தள்ள வேண்டும். அங்கே வெளிறிய சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. மின்னஞ்சல் பெட்டி முழுக்கத் துழாவினேன். சலுகை விலை, புதுக் கிளை திறப்பு, பாயிண்டை விலைக்கு வாங்கச் சொல்லும் விளம்பரம் எல்லாம் வாரம் தவறாமல் வந்திருக்கின்றன. உங்கள் பாயிண்ட் போகப்போகிறது என்று ஒரு வரி வரவில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அடுத்ததுதான். குறிப்பிட்ட காலத்துக்குக் கணக்கில் பாயிண்ட் சேர்வது, செலவாவது என்று எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால்தான் பாயிண்ட் காலாவதி ஆகும் என்பது விதி. அந்தக் காலத்துக்குள் நான் அவர்களுடைய ஹோட்டலிலேயே தங்கியிருக்கிறேன்! அலுவலகப் பயணப் பிரிவு ஒரு புக்கிங் தளம் வழியாக அறை போட்டுக் கொடுத்தது. செக்-இன் செய்யும்போது உறுப்பினர் எண்ணைக் கொடுத்தேன். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீண்ட நாள் உறுப்பினராக இருப்பதற்கு நன்றி சார்" என்றார் ரிசப்ஷனில் இருந்தவர். அமைதியான அறையும் வழக்கம்போலக் கிடைத்தது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அந்த இரவே இல்லை. அவர்கள் கட்டிலில் படுத்து எழுந்தவன், அவர்கள் பதிவேட்டின்படி வரவே வராத ஆள்.

வெளித் தளத்தில் போட்ட அறைக்குப் பாயிண்ட் கிடையாது என்பது பெரும்பாலான குழுமங்களில் உள்ள விதிதான். அந்தத் தளங்களுக்குக் கமிஷன் போகிறது, அதனால் பாயிண்ட் தரவில்லை. அதில் எனக்கு வழக்கு இல்லை. புதுப் பாயிண்ட் தரவேண்டாம். ஏற்கெனவே நான் முழு வாடகை கொடுத்துச் சேர்த்ததை ஏன் பிடுங்க வேண்டும்? ஆள் உயிரோடிருக்கிறார், வந்து போகிறார் என்பதற்கு அவர் நேரில் வந்து நின்றதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கஸ்டமர் கேரில் பேசிய பெண் மிகப் பொறுமையாகக் கேட்டார். அந்தத் தங்கலின் பதிவையும் தேடி எடுத்தார். "நீங்கள் தங்கியது தெரிகிறது சார், ஆனால் அது தகுதியுள்ள தங்கல் இல்லை" என்றார். மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றவர், சொன்னபடி அனுப்பவும் செய்தார். இரண்டு நாளில் பதில் வந்தது: விதிகளின்படி திரும்பத் தர இயலாது. அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. விதியை எழுதியவர்கள் போன் எடுப்பதில்லை.

இது ஒரு குழுமத்தோடு நிற்கிற கதை இல்லை என்பதால்தான் பெயரைச் சொல்லவில்லை. மாரியட் பான்வாய், ஹில்டன் ஹானர்ஸ், வேர்ல்டு ஆஃப் ஹயாத் என்ற மூன்று ஹோட்டல் திட்டங்களிலும் 24 மாதம் கணக்கு அசையாமல் இருந்தால் பாயிண்ட் போய்விடும். ஐஎச்ஜி என்ற குழுமத்தில் அடிப்படை உறுப்பினருக்கு 12 மாதம்தான். நிறைய இரவு தங்கி மேல் தகுதி பெற்றவர்களுக்கு அங்கே காலாவதி இல்லை. அதாவது அடிக்கடி வருபவருக்குப் பாதுகாப்பு, எப்போதாவது வருபவருக்குக் கத்தி. விண்டம் குழுமம் இன்னும் ஒரு படி மேல். 18 மாதம் அசையாவிட்டால் போகும். அசைத்துக்கொண்டே இருந்தாலும் ஒவ்வொரு பாயிண்டும் கிடைத்து நான்கு வருடத்தில் போகும். எது அசைவு என்பதிலும் ஆளுக்கொரு விதி. மாரியட்டில் குடும்பத்தாருக்குப் பாயிண்ட் மாற்றிக் கொடுத்தால் அது அசைவாக எடுத்துக்கொள்ளப்படாது. பாயிண்டை விலைக்கு வாங்கினால் எடுத்துக்கொள்ளப்படும்!

சேர்த்து வைக்காமல் அவ்வப்போது செலவழித்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சேர்க்கச் சொல்வதே அவர்கள்தான். மாரியட்டில் பாயிண்டில் ஐந்து இரவு எடுத்தால் நான்குக்குத்தான் கழிப்பார்கள். ஹில்டனில் சில்வர் தகுதி இருந்தால் ஐந்தாவது இரவு இலவசம். ஓர் இரவுக்கும் இரண்டு இரவுக்கும் இந்தச் சலுகை இல்லை. ஐந்து இரவுக்குப் பாயிண்ட் சேர, வேலைக்காக எப்போதாவது பயணம் போகிறவனுக்கு வருடக்கணக்கில் ஆகும். ஒரு கையால் உண்டியல் கொடுத்து மறு கையால் அதை உடைக்கிற வேலை இது.

கம்பெனிக் கணக்கில் இதற்கு என்ன இடம் என்று கொஞ்சம் படித்தேன். படித்ததும் கோபம் இன்னும் கூடியது. நாம் கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதி, பின்னால் தரவேண்டிய இலவச இரவுக்கான பணமாக ஒதுக்கப்படுகிறது. பாயிண்ட் செலவாகும் வரை அது அவர்கள் புத்தகத்தில் கடன். 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் விதியின்படி, எவ்வளவு பாயிண்ட் கடைசிவரை யாராலும் பயன்படுத்தப்படாது என்பதையும் மதிப்பிட்டு வருமானத்தில் சேர்க்கிறார்கள். அதற்குப் பிரேக்கேஜ் என்று பெயர். ஆக, பாயிண்ட் அவர்கள் மனமுவந்து கொடுத்த பரிசு இல்லை, நான் முன்பணமாகக் கொடுத்தது. என்னைப் போன்றவர்கள் இழப்போம் என்பதும் முன்கூட்டியே எண்ணப்பட்ட ஒன்று.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை தங்கிவிட்டு மறந்துபோனவர்கள், இறந்துபோனவர்கள் என்று கோடிக்கணக்கான கணக்குகளின் கடனை எந்தக் கம்பெனியும் முடிவில்லாமல் சுமக்க முடியாது. யாரும் எட்டிப்பார்க்காத கணக்கைத் திருடுவதும் எளிது. ஒரு கெடு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் கெடு இல்லாமலும் திட்டம் ஓடும் என்பதற்குச் சான்று உண்டு. பெஸ்ட் வெஸ்டர்ன் ஹோட்டல்களில் பாயிண்ட் காலாவதி ஆவதில்லை. அமெரிக்க விமான நிறுவனங்களான டெல்டா 2011-லும் யுனைடெட் 2019-லும் மைல்களின் (விமானப் பாயிண்டுக்கு அங்கே அதுதான் பெயர்) கெடுவை எடுத்துவிட்டன, இரண்டுமே இன்றும் பறக்கின்றன. 2020-இல் பெருந்தொற்று வந்ததும் பெரிய ஹோட்டல் குழுமங்கள் காலாவதியை நிறுத்தி வைத்தன. வேண்டுமென்றால் நிறுத்த முடிகிற விஷயம்தான் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

சட்டமும் இதில் ஓரளவுக்குத்தான் கை கொடுக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பாயிண்டை அழிக்கக் கூடாது என்று 2016-இல் சட்டம் வந்தது. கடைகளில் பொருள் வாங்கிப் பாயிண்ட் சேர்க்கும் ஏர் மைல்ஸ் என்ற கனடியத் திட்டத்தின் ஐந்தாண்டுக் கெடுவை எதிர்த்து மக்கள் எழுப்பிய கூச்சல்தான் காரணம். கெடு தொடங்குவதற்குச் சற்று முன்பே அந்தத் திட்டம் பின்வாங்கிவிட்டது. ஆனால் கணக்கு அசையாததற்காக அழிப்பதற்கு அங்கும் இடம் இருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தாலும் என் பாயிண்ட் அந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கும்.

இப்போது வேறு இரண்டு திட்டங்களில் கொஞ்சம் பாயிண்ட் வைத்திருக்கிறேன். அவற்றைக் காப்பாற்ற வழிகள் உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலான திட்டங்களில் மிகக் குறைந்த அளவு பாயிண்டைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தாலே கெடு நீளும். அவர்களோடு சேர்ந்த கடன் அட்டையில் ஏதாவது வாங்கினாலும், கூட்டு வைத்திருக்கும் கார் வாடகை கம்பெனியில் வண்டி எடுத்தாலும் நீளும். பாயிண்டில் எடுக்கும் இலவச இரவும் அசைவுதான். காலாவதித் தேதியைப் போன் காலண்டரில் மூன்று மாதம் முன்னதாகப் போட்டு வையுங்கள், ஆப்பை நம்ப வேண்டாம். ஆனால் தூக்கத்துக்காகத் தேர்ந்தெடுத்த ஹோட்டலுக்கு இப்படிக் காவல் காக்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, சேரலாமா? மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவரின் கணக்கு அசையாமல் இருக்கவே வாய்ப்பில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் சேர்வதுதான் சரி, நானே அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் சேராதீர்கள் என்றுதான் சொல்வேன். அறைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், ஊழியர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. பாயிண்ட் திட்டத்துக்கு ஒன்றும் இல்லை. அடுத்த பயணத்திலும் அங்கேதான் தங்கப்போகிறேன், அந்த அமைதியான அறைக்காக. வாடகை எந்தத் தளத்தில் குறைவோ அந்தத் தளத்தில் புக் செய்வேன். பாயிண்டை விலைக்கு வாங்கச் சொல்லி நேற்றுகூட ஒரு மெயில் வந்தது. அதை அப்படியே அழித்துவிட்டேன்.