ஐஸ் பேக்டரியா, மொழிபெயர்ப்பா? கதை எழுத எது தோது?

கதை எழுதும் ஆசையோடு வருகிற பையன்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எழுத்து சம்பந்தப்பட்ட வேலைக்கே போயிடட்டுமா?" வேண்டாம் என்பேன்.

புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் நான்கு வருடம் மொழிபெயர்ப்பு பார்த்தவன் நான். கடலூரிலிருந்து தினமும் பஸ். வார்த்தைக்கு இத்தனை பைசா என்று கூலி. ஷாம்பு விளம்பரம், காப்பீட்டுப் படிவம், ஏதோ ஒரு செயலியின் விதிமுறைகள், எல்லாம் வரும். லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒற்றுப்பிழை ஒழிந்தது, நீண்ட வாக்கியத்தை வெட்டக் கை பழகியது. ஆனால் ராத்திரி நோட்டைத் திறந்தால், என் கதையில் மீன் விற்கிற கிழவி 'மேற்கண்ட காரணத்தால்' என்று பேசுகிறாள்! நாளெல்லாம் சமைத்தவனுக்குச் சோற்று வாசனை ஆகாது என்பார்களே, அதே கதைதான். நான்கு வருடத்தில் முடித்தது மூன்றே சிறுகதை.

இப்போது கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி ஓர் ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் முன்பைவிடக் குறைவு. விடியுமுன் மூன்று மணிக்கே படகுக்காரர்கள் ஐஸ் ஏற்ற வந்து நிற்பார்கள், தூக்கம் கெடும். ஆனாலும் நாள் முழுக்க எண்களையே எழுதுகிற கைக்குச் சொல் மிச்சமிருக்கிறது. கடனுக்கு ஐஸ் கேட்கிறவர் நேராகக் கேட்கவே மாட்டார். காற்று, மகள் கல்யாணம், டீசல் விலை என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். உரையாடல் எழுத நான் கற்றது அந்தக் கல்லாப் பக்கத்தில்தான். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், எங்களுக்கும் வேலை அதிகமிருக்காது. சம்பளமும் பாதிதான், அது தனி வயிற்றெரிச்சல். என் நாவலில் பெரும்பகுதி மூன்று தடைக்காலங்களில் எழுதியது.

முழுநேர எழுத்து? ஜெயகாந்தன் பிறந்த ஊரில் அந்த ஆசை வராமல் போகுமா! ஆனால் அவர் காலத்தில் வார இதழ்க் கதைக்கு இருந்த மவுசு வேறு. புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் எழுத்தை நம்பி வாழ்ந்தவர், அவரும் இடையில் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். இன்றைய கணக்குக்கு வருவோம். 250 ரூபாய் புத்தகம், 10 சதவீதம் ராயல்டி, 300 பிரதி விற்றால் 7,500 ரூபாய். ஒரு நாவலுக்கு இரண்டு மூன்று வருடம் உழைத்த கூலி அது.

அரசு வேலை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். விருத்தாசலம் பக்கத்து இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே எழுதினார், 2020க்கான சாகித்ய அகாதமி விருதும் வந்தது. எழுத்தாளர் கண்மணி குணசேகரனுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை. என் கட்சிக்கு நான் இழுக்கிற சாட்சி அவர்தான். சிக்கல் என்னவென்றால், தேர்வுக்குப் படிக்கிற வருடங்கள் எழுத்தைத் தின்றுவிடும். மூன்று தடவை குரூப் 4 எழுதினேன், அந்தக் காலத்தில் ஒரு பக்கம்கூட கதை எழுதவில்லை.

பழைய அலுவலகத் தோழி ஒருத்தி இதையெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறாள். படிவ மொழி காதில் ஏறுவதற்குள், விடியற்காலையிலேயே இரண்டு பக்கம் எழுதிவிடுகிறாளாம். எனக்கு அந்த நேரத்தில் ஐஸ் ஏற்ற ஆள் வந்துவிடும்.