கிளஸ்டர்ஷெல்: இருநூறு கணினிகளின் பதிலை ஒரே திரையில் படிக்க

ஒரு கட்டளையை இருநூறு கணினிகளுக்கு அனுப்ப ஒரு ஃபார் லூப்பும் (ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் வரி) எஸ்எஸ்எச்சும் (தொலைக்கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இருந்தாலே போதும். அவை திருப்பி அனுப்பும் இருநூறு பதில்களைப் படித்து, எந்தக் கணினி மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நிர்வாகியின் நேரம் கரைகிறது. கிளஸ்டர்ஷெல் என்ற திறமூல மென்பொருளை நான் விரும்பிப் பயன்படுத்துவதற்குக் காரணம், இந்த இரண்டாவது வேலையை அது மிகச் சிறப்பாகச் செய்வதுதான்.

பிரான்சின் அணுசக்தி ஆய்வு அமைப்பான சிஇஏ, தன் மீக்கணினிகளை நிர்வகிப்பதற்காக இதைப் பைத்தானில் உருவாக்கியது. நோடுகளில், அதாவது கட்டளையைப் பெறும் கணினிகளில், ஏஜென்ட் எனப்படும் துணை மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும் எஸ்எஸ்எச் சாவி இருந்தால் வேலை தொடங்கிவிடும்.

இதன் முதன்மைக் கட்டளை கிளஷ். எல்லா நோடுகளிலும் ஒரே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிப்புதான் ஓடுகிறதா என்று பார்க்க, அதைக் காட்டும் யூநேம் கட்டளையை ‘-பி’ தெரிவுடன் அனுப்பினால், ஒரே மாதிரியான பதில்கள் அனைத்தும் ஒன்றாகத் திரட்டப்படுகின்றன. ‘நோட்[1-46,48-119,121-200] (198)’ என்ற தலைப்பின் கீழே ஒரு வரியும், ‘நோட்[47,120] (2)’ என்பதன் கீழே வேறொரு வரியும் வந்தால், மேம்படுத்தலில் விடுபட்ட இரண்டு கணினிகள் எவை என்பது அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. பதில்கள் நீளமாக இருக்கும்போது ‘--டிஃப்’ தெரிவு, அவை வேறுபடும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும்; உள்ளமைவுக் கோப்புகளை ஒப்பிடுவதற்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

நோட்செட் என்ற துணைக் கட்டளையும் அதே அளவு பாராட்டுக்குரியது. நோடுகளைக் குழுக்களாகப் பெயரிட்டு வைத்துக்கொண்டு, கணிதத்தில் கணங்களைக் கையாள்வது போலவே அவற்றைச் சேர்க்கலாம், கழிக்கலாம், பொதுவானவற்றை மட்டும் பிரித்தெடுக்கலாம். குழுப் பட்டியலை ஸ்லர்ம் போன்ற பணி அட்டவணை மென்பொருளிடமிருந்தே நேரடியாகப் பெறவும் முடியும் என்பதால், பழுதுபட்டு ஒதுக்கப்பட்ட நோடுகளை நீக்கிவிட்டு மற்றவற்றில் மட்டும் ஒரு சோதனையை நடத்துவது ஒரே வரியில் முடிகிறது.

குறைகளும் உண்டு. பதில்களைத் திரட்டும்போது எல்லா நோடுகளும் முடிக்கும் வரை திரையில் 198/200 போன்ற எண்ணிக்கை மட்டுமே ஓடும்; எந்த இரண்டு சிக்கிக்கொண்டன என்று அறியக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒரே நேரத்தில் 64 நோடுகளுடன் மட்டுமே பேசும் இயல்பு அமைப்பு பெரிய கிளஸ்டர்களுக்கு (ஒன்றாக இயங்கும் கணினித் தொகுப்புகளுக்கு) போதாது. அந்த எண்ணை உயர்த்தலாம், அல்லது இடைநிலை நோடுகள் வழியாகக் கட்டளையைப் பரப்பும் மர அமைப்பைப் பயன்படுத்தலாம். என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று: பெரிய எழுத்தில் வரும் ‘-எஸ்’ தெரிவைச் சேர்க்காவிட்டால், தொலைக்கணினியில் கட்டளை தோற்றாலும் கிளஷ் தன் அளவில் வெற்றி என்றே குறியீடு தருகிறது. தானியங்கு ஸ்கிரிப்ட்களில் இது மிக ஆபத்தானது. இயல்புநிலையே வேறாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்து, அதை நிலைநாட்டும் வேலைக்கு அன்சிபிள் போன்ற கருவிகளே ஏற்றவை. கிளஸ்டர்ஷெல் அதற்காக எழுதப்படவில்லை. ஆனால் இப்போதே, இந்த நொடியில், கிளஸ்டர் முழுவதும் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் தயங்காமல் இதை நிறுவிக்கொள்ளலாம். நோடு பெயர்களை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்: சதுர அடைப்பைக் கோப்புப் பெயருக்கான குறியாக, நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் எடுத்துக்கொண்டால், நடப்புக் கோப்புறையில் ‘நோட்1’ என்று ஒரு கோப்பு இருந்தாலே போதும், கட்டளை அந்த ஒரு கணினிக்கு மட்டுமே போகும்.