சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூவா, சிறுகுறிஞ்சானா?

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காடுகளில் மஞ்சளாய்ப் பூத்து, பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் காப்புக்கட்டில் சேரும் ஆவாரை, சர்க்கரை நோய்க்கும் கஷாயமாகக் குடிக்கப்படுகிறது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைச் சிதைத்த எலிகளில் அதன் பூச்சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது உண்மைதான். ஆனால் சோதனைகளில் பெரும்பகுதி எலியோடு நின்றுவிட்டது.

சிறுகுறிஞ்சான் என்னும் மூலிகைக் கொடி சான்றில் ஓரடி முன்னே நிற்கிறது. அதன் இலையை மென்றபின் வாயில் போட்ட வெல்லம் மண்போலாவதற்கு, இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாவின் இனிப்புணர் ஏற்பிகளை மறைப்பதே காரணம். இதையே சர்க்கரை குறைந்ததற்குச் சான்றாகச் சிலர் காட்டுவது பொருந்தாது. சான்று வேறிடத்தில் இருக்கிறது: 1990இல் வெளியான சென்னைப் பல்கலைக்கழக ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேர் வழக்கமான மாத்திரையோடு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாற்றுப் பொடியை 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டபோது, இரத்தச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவும் குறைந்தன. போலி மருந்தோடு ஒப்பிடாத சிறிய ஆய்வு என்பதால் இதையும் முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது.

மேலும் சோதிக்கத் தக்கது, என் மதிப்பீட்டில், சிறுகுறிஞ்சானே. மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம் என்பதால், இரண்டில் எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.