அம்மாவுக்கு வாஷிங் மெஷின் எடுத்தோம், அண்ணாச்சி கடைல

போன வாரம் திருநெல்வேலி வசந்த் அன் கோ-ல அம்மாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினோம். முன்னாடி வேற ஒரு கடைல எடுத்தது (பேரு வேண்டாம்) ரெண்டே வருஷத்துல நின்னுபோச்சு, சர்வீஸுக்கு போன் போட்டுப் போட்டு வெறுத்துட்டோம், அதனால இந்த தடவ அம்மா "அண்ணாச்சி கடைக்கே போவோம்"னு சொல்லிட்டாங்க. எங்களுக்கு நாங்குநேரி தொகுதி, எங்க வீட்டுல அண்ணாச்சின்னா இந்த கடைய ஆரம்பிச்ச எச்.வசந்தகுமார் தான்.

கடைல இருந்த தம்பி முதல்ல விலையே பேசல. வீட்டுல எத்தன பேரு, போர் தண்ணியா, உப்பு இருக்கா, மாடில வைக்கப் போறீங்களான்னு கேட்டுட்டு, நாங்க பாத்து வச்சிருந்தத விட கம்மி விலைல ஒரு டாப் லோடு காட்டி இதுவே போதும்மான்னாரு. தவணைலயே எடுத்தோம், பேப்பர் வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சுது.

இந்த தவணைல தான் அண்ணாச்சியோட கதையே இருக்கு. அகஸ்தீஸ்வரத்துக்காரர், வி.ஜி.பி கடைல சேல்ஸ்மேனா இருந்துட்டு 1978-ல தி.நகர் உஸ்மான் ரோட்டுல சின்னதா கடை போட்டவரு. மொத்தமா பணம் கொடுக்க முடியாத வீட்டுக்கும் டிவி, பிரிட்ஜ் போச்சுன்னா அதுக்கு இந்த மாதிரி தவணை கடைங்க தான் காரணம்.

அரசியல்லயும் அவரு வியாபாரியா தான் இருந்தாருன்னு எனக்கு தோணும், நல்ல அர்த்தத்துல சொல்றேன். 2006-ல நாங்குநேரில காங்கிரஸ் எம்.எல்.ஏ ஆனாரு, 2011-ல எர்ணாவூர் நாராயணன்கிட்ட தோத்தாரு, 2014-ல கன்னியாகுமரி எம்.பி தேர்தல்ல பொன்.ராதாகிருஷ்ணன்கிட்ட தோத்தாரு, ஆனா திரும்ப 2016-ல நாங்குநேரில வந்து நின்னு ஜெயிச்சாரு, 2019-ல அதே பொன்.ராதாகிருஷ்ணன ரெண்டரை லட்சம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. இன்னைக்கு போணி ஆகலன்னா நாளைக்கு கடைய தொறக்காம இருப்பாங்களா? 2019 வேட்புமனுல அவரு காட்டின சொத்து 417 கோடி. அவ்வளவு இருக்கிறவரு தோத்ததும் ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கல, அத நான் மதிக்கிறேன்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. எம்.பி ஆனதும் பாதில எம்.எல்.ஏ பதவிய விட்டாரு, இடைத்தேர்தல் வந்து தொகுதி அ.தி.மு.க கைக்கு போயிடுச்சு. ஓட்டு போட்டவங்க 5 வருஷத்துக்குன்னு தான போட்டாங்க, யாரா இருந்தாலும் எடுத்த பதவிய முழுசா முடிக்கணும்.

2020 ஆகஸ்ட் 28, கொரோனால அவரு போனப்போ அம்மா டிவி முன்னாடியே உக்காந்து அழுதாங்க. அடுத்த வருஷம் அவரு மகன் விஜய் வசந்த் அதே கன்னியாகுமரில எம்.பி ஆனாரு.

மெஷின் மறுநாளே வந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு டெமோவுக்கும் ஆளு வந்தாரு. ஸ்டாண்டு விலைல சேராது, பில் போடும்போதே கேட்டு வாங்கிக்கோங்க, தீபாவளி நேரம்னா காலைலயே போயிடுங்க.