நட்சத்திரம் பார்க்க எதைக் கொண்டுபோவது: சுழல் அட்டையா, மொபைல் ஆப்பா?

தேதியையும் மணியையும் ஒன்றுக்கொன்று நேராகத் திருப்பினால் அந்நேரத்து வானத்தைக் காட்டும் வட்ட அட்டைக்கு சார்ஜும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். ஆனால் வாங்குமுன் எந்த அட்சரேகைக்கு அச்சடித்தது என்று பாருங்கள். 50 டிகிரி வடக்குக்கான அட்டையில் அகத்திய நட்சத்திரமே இருக்காது. நமக்கோ பிப்ரவரி இரவு ஒன்பது மணிவாக்கில் அது தெற்கே பளிச்சென்று நிற்கும். தமிழ்நாட்டுக்கு 10 டிகிரி அட்டை சரி. ஒருபக்க அட்டையில் தென்வானம் இழுத்துப் பிடித்த மாதிரி விரிந்து கிடக்கும், அதனால் ஒருபக்கம் வடவானம், மறுபக்கம் தென்வானம் என்று காட்டும் இருபக்க அட்டையாகவே வாங்குங்கள். கோள்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பவை, அவை இதில் கிடையாது.

ஸ்டெல்லேரியம் போன்ற ஆப்பில் கோள்களும் உண்டு. தொல்லை திரை வெளிச்சம்தான். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்று வந்தால் போச்சு! சிவப்புத் திரைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஏரோப்ளேன் மோடில் போடலாம். காந்தம் வைத்த கவர் இருந்தால் திசையும் தப்பாகக் காட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் ஓட்டு அட்டைக்குத்தான். வானில் பளிச்சென்று தெரியும் கோள் வியாழனா, வெள்ளியா என்று வாக்குவாதம் வந்தால் மட்டும் ஃபோனை எடுங்கள்.