ஸ்டீல் பீரோ விற்கப் போய்: ஜெம் தளத்தில் சில ஆண்டுகள்

மத்திய அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தையான ஜெம் (GeM) தளத்தில் விற்பதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிற பட்டறைக்காரர்கள் முதலில் கேட்பது, "ஆர்டர் கிடைக்குமா?" என்றுதான். கிடைக்கும். பணம் எப்போது வரும், அதுவரை ஸ்டீல் ஷீட் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வியாபாரமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எங்களுடையது கோவை குறிச்சி பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பீரோ, ஃபைல் ரேக், ஆபீஸ் மேசை செய்கிறோம். மாநிலத் துறைகள் மேசை நாற்காலி என்றால் மாநில அரசின் சிறுதொழில் நிறுவனமான டான்சியிடம் போய்ப் பழகியவை. அதனால் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது மத்திய அரசு அலுவலகங்கள் பக்கம்தான். முன்பெல்லாம் அங்கே நுழைய டெல்லியில் ஆள் வேண்டும் என்பார்கள். 2016 ஆகஸ்டில் ஜெம் வந்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசின் பழைய கொள்முதல் இயக்ககத்தை மூடிவிட்டார்கள். ஜெம்மில் கிடைக்கும் பொருளை மத்திய அலுவலகங்கள் அங்கேயேதான் வாங்க வேண்டும் என்று 2017 நிதி விதிகளில் வந்துவிட்டது. இப்போது அவர்கள் வாங்குவது எங்கள் ஃபோனிலேயே தெரிகிறது.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை, கட்டணமும் இல்லை. பான், ஜிஎஸ்டி, உத்யம் (குறு, சிறு நிறுவனப் பதிவு) மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இன்ஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தாலே இழுத்தடிக்கும். உத்யம் சான்றில் உங்கள் தொழில் 'உற்பத்தி' என்று இருக்க வேண்டும். வாங்கி விற்பவர்களுக்கும் 2021 முதல் உத்யம் தருகிறார்கள். ஆனால் அது வங்கிக் கடனுக்குத்தான் உதவும், கொள்முதல் சலுகைக்கு ஆகாது. பதிவு முடிந்த கையோடு "ஜெம் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஆர்டர் உறுதி, பத்தாயிரம் கட்டுங்கள்" என்று ஃபோன் வரும். வைத்துவிடுங்கள்.

சரி, இனி பிட் ஆவணம், அதாவது என்ன வேண்டும், என்ன நிபந்தனை என்று சொல்லி அலுவலகம் விலை கேட்கும் ஆவணம். என் நேரத்தில் பெரும்பகுதி இதைப் படிப்பதில்தான் போகிறது. நான் விலையை யோசிப்பதற்கு முன்பு, பொருள் எங்கே எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியலைத்தான் பார்ப்பேன். ஜெம்மில் நாம் போடும் விலை எல்லாம் சேர்ந்தது. ஜிஎஸ்டி, லாரி வாடகை, இறக்குகூலி, சில இடங்களில் மாட்டித் தருவது வரை அதற்குள் அடக்கம். நாற்பது ரேக் கோவையில் ஒரே அலுவலகத்துக்கு என்றால் அது நல்ல ஆர்டர். அதே நாற்பது, நீலகிரியிலும் கேரளத்திலும் பத்து ஊர்களுக்கு நாலு நாலாகப் பிரித்துப் போக வேண்டும் என்றால், ஷீட்டில் சம்பாதிப்பதை லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அடுத்து, சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவத்திலும் விற்றுமுதலிலும் விலக்கு உண்டா என்ற வரி. 'இல்லை' என்று இருந்தால் புதியவர்கள் அங்கேயே நின்றுகொள்ளலாம். அப்புறம் கடைசிப் பக்கங்களில் வாங்குபவர் தானாகச் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகள். ஏடிசி என்பார்கள். வில்லங்கமெல்லாம் இங்கேதான் ஒளிந்திருக்கும். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கே முன்பு சப்ளை செய்திருக்க வேண்டும், டெண்டர் கட்டணம் கட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகள் செல்லாது என்று அதே ஆவணத்தின் அடியில் ஜெம்மே அச்சிட்டிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். சிலர் திருத்துவார்கள், சிலர் பதிலே போடமாட்டார்கள்.

ஜெயிப்பது எப்படி? குறைந்த விலை போடுபவர்தான் எல்1. ஆனால் குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. எல்1 குறு, சிறு நிறுவனம் அல்லாததாக இருந்து, நம் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்த எல்1 விலைக்கு நாம் இறங்கி வரச் சம்மதித்தால் போதும். கொள்முதலில் 25 சதவீதம் நமக்கு வரலாம். பிரிக்க முடியாத ஆர்டர் என்றால் முழுவதுமேகூடக் கிடைக்கலாம். இந்த 25 சதவீதம் 2019 ஏப்ரலுக்கு முன்பு 20 ஆக இருந்தது. ஆண்டுக் கொள்முதலில், இந்த 25 சதவீதத்துக்குள்ளேயே 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 சதவீதம் பெண்கள் நடத்துபவற்றுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். நடுத்தர நிறுவனங்களுக்கு இது எதுவும் கிடையாது. விலை போடும்போது பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையிலிருந்தும் நமக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆர்டர் கிடைத்தபின் வேலையை ஒழுங்காக முடிப்போம் என்பதற்குக் கேட்கும் செயல்திறன் உத்தரவாதத்துக்கு விலக்கு இல்லை. கேட்டால் வங்கி உத்தரவாதம் கொடுத்தே ஆக வேண்டும்; அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

ரிவர்ஸ் ஆக்ஷன் என்று ஒன்று உண்டு. விலை மேலே போகாமல் கீழே இறங்கும் ஏலம். எதிரில் யார் என்று தெரியாது, விலை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். கடைசி நிமிடத்தில் யாராவது குறைத்தால் நேரம் நீளும். இங்கே பலர் பிடிவாதத்திலேயே அழிந்துபோகிறார்கள். அடக்க விலை இவ்வளவு, இதற்குக் கீழே ஒரு ரூபாய்கூட இல்லை என்று முன்பே தாளில் எழுதி வைத்துவிட்டு உட்கார வேண்டும். ஷீட் விலை வேறு நம் கையில் இல்லை. ஆர்டர் வந்தபின் டன்னுக்கு ஏறினால் ஏறினதுதான். போட்ட விலையை மாற்ற முடியாது. அந்த ஏற்றத்துக்கும் கொஞ்சம் சேர்த்துத்தான் நான் கணக்குப் போடுவேன். அதையும் தாண்டிக் கீழே போகிறவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், 0.8 மி.மீ. தகடு சொல்லிவிட்டு 0.7 வைக்கிறார்கள் என்பது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பொருளை வாங்கும் இடத்தில் அளந்து பார்ப்பவர்கள் குறைவு.

விலையைத் திறக்குமுன் ஆவணங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டில் நிராகரித்தால் மனம் தளர வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் தளத்திலேயே முறையீடு செய்யலாம். எங்களை ஓர் அலுவலகம் 'முன்வைப்புத் தொகை இல்லை' என்று தள்ளியது. உத்யம் சான்றை மறுபடி இணைத்து, விலக்கு எந்த ஆணைப்படி என்று இரண்டே வரி எழுதினோம், திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதிகாரியோடு சண்டை போட்டு எழுதியவர்களுக்கு இது நடந்து நான் பார்த்ததில்லை.

இப்போது பணம். பொருள் போய்ச் சேர்ந்ததும் தற்காலிக ரசீது, அதிலிருந்து 10 நாளுக்குள் ஏற்புச் சான்று, அதிலிருந்து 10 நாளுக்குள் பணம் என்பது விதி. நடப்பில், பொருளை வாங்குபவர் ஒருவர், தளத்தில் அதைப் பதிவு செய்ய நுழைவு (லாகின்) வைத்திருப்பவர் இன்னொருவர். ஓர் அலுவலகத்தில் அந்த நுழைவு வைத்திருந்தவருக்கு மாற்றலாகிவிட்டது. எங்கள் பீரோவில் அவர்கள் ஃபைல் அடுக்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்; தளத்திலோ பொருள் வந்ததாகவே பதிவு இல்லை. புதியவருக்கு நுழைவு கிடைத்தபின்தான் கணக்கு நகர்ந்தது. அதனால் இப்போதெல்லாம் லாரி கிளம்புமுன் அந்த ஊருக்கு ஃபோன் செய்து, ஏற்புச் சான்று போடப்போவது யார், இன்னும் அதே இருக்கையில் இருக்கிறாரா என்று கேட்டுவிடுகிறோம். இறக்கும்போது படம் எடுத்து, சலானில் முத்திரையும் தேதியும் வாங்காமல் டிரைவர் திரும்புவதில்லை. தாமத அபராதம் வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம். தேதி தெளிவாக இல்லாவிட்டால் அதை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டிக்காக, வரி சேராத தொகையில் 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது தொலைந்துபோன பணம் இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் போய் ஏற்றுக்கொண்டால் நம் ரொக்கக் கணக்கில் சேரும். அதை எடுக்காமலே விட்டு வைத்திருக்கும் பட்டறைகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

மாநில டெண்டர்கள் பற்றிச் சுருக்கமாக. 1998 ஆம் ஆண்டின் ஒளிவுமறைவற்ற டெண்டர் சட்டப்படிதான் நடக்கின்றன. தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் பார்க்கலாம். அதற்கு மூன்றாம் வகுப்பு மின்கையொப்ப டோக்கன் வேண்டும். அந்தத் தளத்தைக் கடைசி நாளில் திறக்காதீர்கள், அவ்வளவுதான்.

பணம் வரவே இல்லை என்றால்? 2006 ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்கென்று உள்ள மத்திய அரசுத் தளத்தில் புகார் போடலாம். நான் போட்டதில்லை, போடப்போவதாக ஒரு கடிதம், சட்டப்பிரிவு எண்ணோடு, எழுதியிருக்கிறேன். அதுவே பெரும்பாலும் வேலை செய்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் என்றால் டிரெட்ஸ் என்ற பில் தள்ளுபடி இணையத் தளம் வழியாகப் பில்லைத் தள்ளுபடி செய்து முன்னதாகவே பணம் எடுக்கலாம், அவர்கள் பில்லை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் சிக்கல்.

பிப்ரவரி, மார்ச்சில் பிட்கள் கொட்டும். ஒதுக்கிய நிதியை ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டுமே. மார்ச் 31க்குள் பில் ஏறாவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டிவரும். அதனால் மார்ச் முதல் வாரத்துக்குப் பிறகு, முன்பு பணம் ஒழுங்காகக் கொடுத்த அலுவலகமாக இருந்தால்தான் நாங்கள் விலை போடுகிறோம். எந்த அலுவலகம் எத்தனை நாளில் கொடுத்தது என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் என் மனைவி குறித்து வைக்கிறார். பட்டறையில் விலை முடிவு செய்வது நான்தான் என்றாலும், அந்தப் பக்கத்தைப் பார்த்து அவர் வேண்டாம் என்றால் போடுவதில்லை.